பல்லி கடித்துக்கொண்ட வார்த்தை

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் மூடாது. ஆடு, மாடு, கோழி, குருவி எல்லாமே அப்போது பேசின என்றாலும் அவையெல்லாம் தேவைக்குத்தான் பேசின. தண்ணீர் வை, தவிடு போடு, என் குஞ்சைத் தொடாதே என்று அந்த மட்டில் நிறுத்திக்கொண்டன. பல்லி அப்படியில்லை. விடிந்தால் ஆரம்பித்துப் பொழுது அடையும்வரை பேசும். கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததற்கும் பதில் சொல்லும், கேட்க ஆளே இல்லாவிட்டால் சுவரிடம் சொல்லும். உங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் வம்சத்தைத்தான் சொல்கிறேன். நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

அமராவதி ஆற்றுக்கு வடக்கே ஒரு மேட்டாங்காடு இருந்தது. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வெறும் சரளைக்கல். அந்தக் காட்டின் நடுவில் ஒற்றைச் சாளை. சாளை என்றால் ஓலை வேய்ந்த தோட்டத்து வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்கிற தூரத்தில் கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி, வேலிக்குக் கதவாக ஒரு படல், படலுக்கு வெளியே வண்டித்தடம். அவ்வளவுதான் ஊர் உலகம்.

அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். சென்னியப்பன் என்கிற குடியானவன், அவன் பெண்சாதி பாவாயி. இரண்டு எருதுகள், ஒரு செவலை நாய். அப்புறம் கூரையில் நம்ம பல்லி.

பாவாயி பெரிய ஊரில் பிறந்து வளர்ந்தவள். காலையில் கதவைத் திறந்தால் பத்துப் பேர் முகத்தில் விழிக்கிற தெரு அவளுடைய தெரு. கல்யாணமாகி இந்தக் காட்டுக்கு வந்த புதிதில் அழுதே விட்டாள். சென்னியப்பன் நல்லவன்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்குமேல் செலவழிக்கமாட்டான். அவளுக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது பல்லிதான். அவள் அடுப்பு மூட்டும்போது ஆரம்பிக்கும். எந்த எறும்பு எந்தப் பக்கம் போனது, எருது இராத்திரி என்ன கனவு கண்டது, எதிர்ச்சுவர்ச் சிலந்திக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் வரும். பாவாயி பாதியைக் கேட்பாள், பாதிக்கு "ம்" கொட்டுவாள். அந்தப் பேச்சுச் சத்தம் வீட்டில் இருந்தாலே அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

ஒத்தை வீடு என்றால் திருடனுக்கு நாக்கில் எச்சில் ஊறும் அல்லவா? சென்னியப்பன் அதற்காக ஏகப்பட்ட ஏற்பாடு செய்து வைத்திருந்தான். பேச்சில்தான் அவன் சிக்கனம், தந்திரத்தில் தாராளம். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, ஒன்றரை அடி நீளத்தில் ஒரு சோடிச் செருப்புத் தைத்து வாங்கி வாசலில் விட்டிருந்தான். பார்க்கிறவன், உள்ளே ஒரு அரக்கன் படுத்துத் தூங்குகிறான் என்று நினைக்கவேண்டும். கொடியில் பெரிய பெரிய தலைப்பாகைத் துணியாக நாலு காயும். கதவுக்குப் பின்னால் வேல்கம்பின் முனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். படலில் ஒரு வெண்கல மணி. தடத்தில் முள்ளை வெட்டிப் பரப்பியிருந்தான். அந்தச் செருப்பில் ஒருநாள் அவனே தடுக்கி விழுந்து முன்பல் ஒன்று ஆட்டம் கண்டது, அது வேறு கதை.

இவ்வளவு காவல் எதற்கு? அந்த வீட்டில் பொன்னா இருந்தது, பொருளா இருந்தது? விதை இருந்தது. இரண்டு வருஷமாக மழை பொய்த்து, சுற்றுவட்டாரத்தில் விதைக்கம்பு என்பது கண்ணில் படாத சரக்காகிவிட்டது. ஒரு படி விதைக்கு ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொடுத்தவர்கள் உண்டு. பாவாயி மட்டும் பசியைப் பொறுத்துக்கொண்டு, ஒரு மொடா நிறைய விதைக்கம்பைச் சாம்பல் போட்டுப் புரட்டி, வேப்பிலை வைத்து மூடி, அடுப்புக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே வைத்து மண் பூசி, சாணி மெழுகிவிட்டாள். பார்த்தால் சுவர், அவ்வளவுதான். முதல் மழை விழுந்த அன்று உடைத்து எடுப்பதாக இருந்தார்கள். அந்த விதை போனால் அந்தக் காடும் போச்சு, சாளையும் போச்சு. கூலிக்கு எங்கேயாவது போய்ப் பிழைக்கவேண்டியதுதான்.

அந்த வீட்டில் விதை உண்டு என்று சந்தையில் ஒரு பேச்சு இருந்தது, ஆனால் அது இருக்கிற இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். புருஷன், பெண்சாதி, சுவரில் குடியிருக்கிற பல்லி.

ஒருநாள் உச்சிவேளைக்குப் படலுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றான். உச்சியில் கொண்டை போட்டு, கையில் ஒரு சும்மாட்டுத் துணியோடு, பார்த்தால் ஊர் ஊராகச் சுமை தூக்குகிறவன் மாதிரி இருந்தான். அவன் பேரே கொண்டையன்தான். தொழில் சுமை தூக்குவதுதான், அடுத்தவன் சுமையை, கேட்காமல்.

"ஊட்டுல ஆருமில்லீங்களா? தாகமா இருக்குதுங்க" என்றான்.

பல்லிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. புது ஆள்! எத்தனை நாளாயிற்று! நிலைப்படிக்கு ஓடிவந்தது.

"வாங்க, வாங்க! பாவாயக்கா கெணத்துக்குப் போயிருக்குது. எங்க பண்ணாடி மேக்கால காட்டுல இருக்குது. தண்ணி அந்தப் பானையில இருக்குது பாருங்க, மோந்து குடிங்க. வர்றப்ப எடது பக்கமா வேலிய ஒட்டி வாங்க, நடுவுல பூரா முள்ளு!"

ஓட்டாண்டியான சென்னியப்பனைப் 'பண்ணாடி' என்று, பெரிய முதலாளி மாதிரி சொல்வது அந்த ஓட்டை வாயின் பெருமை.

கொண்டையன் இடது பக்கமாக ஒட்டி வந்தான். படலைத் திறந்ததும் மணியைப் பார்த்துத் தயங்கினான்.

"அதுக்கு நாக்கு இல்லீங்க. போன தை மாசமே உளுந்துபோச்சு. சும்மா பார்வைக்கு."

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் செருப்பைப் பார்த்தான். கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். "இது ஆருதுங்க அம்மணி?"

பல்லி சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. "அதுவா! அதை ஆருமே போடறதில்லீங்க. திருடனுகளை மெரட்டறதுக்குன்னே தெச்சு வாங்குனது. அந்தத் தலைப்பாகையும் அப்புடித்தான். கதவுக்குப் பொறத்தால நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, அது வேலுமில்லை, ஒண்ணுமில்லை, ஒடஞ்சுபோன கலப்பைக் குச்சி. அதுக்குத் தலையில கரி பூசுனது நானே சொன்ன ரோசனை!"

"அட சாமி! நல்ல கெட்டிக்கார ஊடுதானுங்க" என்றான் கொண்டையன். "நாயி கீயி உண்டுங்களா?"

"செவலை ஒண்ணு இருக்குது. கறி வாசம் பட்டா அது யமனுக்கே வாலாட்டும். வர்ற பொதங்கெழமை பண்ணாடியோட தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. பண்ணாடிதான் தாய்மாமன், மடியில உக்கார வெக்கோணுமில்ல? வெடியாலயே வண்டி பூட்டறாங்க. நாயும் கூடப் போவுது. பொழுதோடதான் வருவாங்க. அன்னைக்குப் பூரா நான் ஒருத்திதான். நீங்க இந்தப் பக்கமா வந்தீங்கன்னா அவசியம் வாங்க, பேசிக்கிட்டு இருக்கலாம்."

கொண்டையனுக்கு வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. அடுத்த கேள்விக்காக அவன் வாயைத் திறந்தபோது, தலையில் குடத்தோடு பாவாயி தூரத்தில் வருவது தெரிந்தது. சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றனுங்க அம்மணி" என்று நடையைக் கட்டினான்.

பல்லி எதையும் மறைக்கிற ஜாதி இல்லை. வந்தவன் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒன்று விடாமல் பாவாயியிடமும் சொன்னது. ஆனால் காலையிலிருந்து எறும்புக் கதையும் சிலந்திக் கதையும் கேட்டுக் காது மரத்துப்போனவள், குடத்தை இறக்கிவைத்துவிட்டு, காதுகுத்துச் சீருக்கு எத்தனை தேங்காய் வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி "ம்... ம்..." என்றுதான் கொட்டினாள். எந்நேரமும் பேசுகிறவர்களுக்கு நேர்கிற கஷ்டம் இது. என் மனைவியும் இதையே சொல்வாள், என்னைப் பற்றி.

புதன்கிழமை வந்தது. விடிந்ததும் வண்டி பூட்டினார்கள். மருமகன் மூன்று வருஷமாகத் தாய்மாமன் மடிக்காகக் காத்திருந்தான். இரண்டு தடவை பஞ்சத்தால் தள்ளிப்போட்டது, இனிமேல் தள்ள முடியாது. சென்னியப்பன் செருப்பை வாசலில் நேராக வைத்தான், தலைப்பாகைகளை உதறிக் கொடியில் போட்டான், நாயைப் பார்த்து, "நீ இரு" என்றான்.

"நான் எப்படி இருக்கறது?" என்றது செவலை. "வழியில வண்டிக்கு ஒரு ஆபத்துன்னா?"

"வண்டிக்கு என்ன ஆபத்து?"

"அங்க எத்தனை கெடா வெட்டறாங்க?"

"ரண்டு."

"அப்ப நெம்ப ஆபத்துதான்" என்று சொல்லிவிட்டு நாய் வண்டிக்கு முன்னாலேயே ஓடிவிட்டது.

பாவாயி கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு நிலைப்படியை அண்ணாந்து பார்த்தாள். "ஏ புள்ள, ஊட்டைப் பார்த்துக்க. உன்ற நம்பிக்கையிலதான் போறேன்" என்றாள். பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி கண்ணுக்கு மறைகிறவரை வழியெல்லாம் என்ன என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியது. வடகிழக்கே, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக, வானம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் படல் திறந்தது. இடது பக்கமாக வேலியை ஒட்டி இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் கொண்டையன். பின்னால் அவன் தங்கச்சி புருஷன் முறுக்கன். மீசையை முறுக்கி முறுக்கியே அந்தப் பேர். ஆள்தான் முறுக்கு, உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. சகுனம் பார்க்காமல் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டான். அன்றைக்குக்கூடப் பூனை குறுக்கே போனது என்று ஒரு தடவையும், யாரோ தும்மினார்கள் என்று ஒரு தடவையும் பாதி வழியிலிருந்து திரும்பிப்போய், வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டு வந்திருந்தார்கள். தும்மியது கொண்டையன்தான், அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"அட, வந்துட்டீங்களா! வாங்க, கூடவே ஒறம்பரை சொந்தக்காரரையும் கூட்டியாந்திருக்கறீங்களாட்ட இருக்குது! தண்ணி குடி..." என்று குதூகலமாக ஆரம்பித்த பல்லி பாதியில் நின்றுவிட்டது. கொண்டையன் தோளில் கடப்பாரை இருந்தது. முறுக்கன் கக்கத்தில் நாலு காலிக் கோணிப்பை இருந்தது.

பல்லி கடப்பாரையைப் பார்த்தது. கோணியைப் பார்த்தது.

தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்போது அதற்கு ஞாபகம் வந்தது. முள், மணி, செருப்பு, வேல், நாய், புதன்கிழமை. சாவி ஒன்றைத்தான் கையில் கொடுக்கவில்லை. 'உன்ற நம்பிக்கையிலதான் போறேன்' என்று பாவாயி சொன்னதை நினைத்தபோது அதற்கு அழுகை வந்துவிட்டது. பாவி, என் வாயாலேயே இந்தக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டது.

இதற்குள் கொண்டையன் கதவை நெம்பித் திறந்து உள்ளே வந்துவிட்டான். பானையை உருட்டினார்கள், பரணைக் கிளறினார்கள், உரலைப் புரட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"எதுக்கு மச்சான் மெனக்கெடறது?" என்றான் முறுக்கன். "எல்லாத்தையும் சொல்ற பல்லின்னு சொன்னியே, அதையே கேட்டுப்போடு. பொழுதுக்குள்ள போவோணும்."

கொண்டையன் அண்ணாந்து பார்த்து, நாக்கில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டான். "அம்மணி, கண்ணு, வெதைக்கம்பு எங்க வெச்சிருக்காங்க?"

இங்கேதான் ஒரு விஷயம் புரிந்துகொள்ளவேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து அந்தப் பல்லிக்குப் பழக்கமே இல்லை. கேள்வி காதில் விழுந்தால் பதில் தானாக வாய்க்கு வந்துவிடும், தும்மல் மாதிரி. 'அடுப்புக்குப் பின்னால சொவத்துக்குள்ள' என்பது முழுசாகத் தொண்டையைத் தாண்டி, நாக்கு நுனிக்கு வந்து, உதட்டைத் திறந்துவிட்டது.

பல்லி தன் நாக்கை நறுக்கென்று கடித்துக்கொண்டது.

"ச்சு!"

வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது அந்தச் சத்தம் மட்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அதற்கு. ஆனாலும் வார்த்தை மறுபடி முண்டியது. மறுபடி கடித்தது. "ச்சு! ச்சு! ச்சு!"

முறுக்கனின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"மச்சான், அது என்னது சொல்லுது?"

"தெரியலையே. அம்மணி, வெதை எங்க?"

"ச்சு ச்சு ச்சு."

"மச்சான்" முறுக்கன் குரல் இறங்கியது. "எழவு ஊட்டுலதான் இப்புடி உச்சுக்கொட்டுவாங்க."

"சும்மா இர்றா மாப்ளே."

"அது நம்மளைப் பார்த்துப் பரிதாபப்படுது மச்சான். கண்ணுல பாரு, தண்ணி!"

கொண்டையன் பார்த்தான். நிஜமாகவே பல்லியின் கண்ணில் தண்ணீர். நாக்கு அந்த வலி வலித்தது, அதற்குத் தெரியும். கொண்டையனுக்கு அது தெரியுமா?

"அன்னைக்குக் கேக்காததெல்லாம் சொல்லுச்சு" என்றான் முறுக்கன். "மூச்சு விடாமச் சொல்லுச்சுன்னு நீதான சொன்னே? இத்தனை சொன்ன வாயி இதை மட்டும் ஏன் சொல்லமாட்டேங்குது? சொல்றதுக்கே பயப்படற மாதிரி இந்த ஊட்டுக்குள்ள என்னமோ இருக்குது."

பல்லிக்கு இது காதில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த பல்லிக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம். அட! பேசினால் யாரும் பயப்படவில்லை, பேசாவிட்டால் பயப்படுகிறார்களே! அது கிழக்குச் சுவருக்கு ஓடியது. அங்கே இருந்து, சாவகாசமாக, "ச்சு ச்சு" என்றது.

"கெழக்கால சொல்லுது!" முறுக்கன் மேற்கே துள்ளினான்.

பல்லி மேற்குச் சுவருக்கு ஓடியது. "ச்சு ச்சு ச்சு ச்சு."

"மேக்காலயும் சொல்லுது! நாலு! ஐயோ, கெழக்கால ரண்டு, மேக்கால நாலு. நாலுன்னா என்ன மச்சான்? பாடையத் தூக்கறதுக்கு நாலு பேரு!"

"வாயக் கழுவுடா!" என்று கொண்டையன் அதட்டினான். ஆனால் தோளில் இருந்த கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். அவன் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. திருடன் மூளை நேரான வழியில் எங்கே போகும்? "மாப்ளே... அந்தச் செருப்பு ஆரும் போடறதில்லைன்னு அது ஏன் எங்கிட்டச் சொல்லோணும்?"

"ஏன்?"

"நெசமாலுமே ஆரும் போடாத செருப்புன்னா ஊட்டுக்காரன் பல்லி அதை வெளியில சொல்லுமா? நீ சொல்லுவியா?"

முறுக்கன் திரும்பி வாசலைப் பார்த்தான். ஒன்றரை அடிச் செருப்பு வெயிலில் கிடந்தது. "நான் சொல்லமாட்டேன்."

"மணிக்கு நாக்கில்லைன்னு சொல்லுச்சு. வேலு இல்லைன்னு சொல்லுச்சு. எடது பக்கமா வான்னு வழியும் சொல்லுச்சு. நாளும் சொல்லுச்சு, நேரமும் சொல்லுச்சு. டேய், இது நம்மளைத் தேடி வந்து கூப்புட்டிருக்குது!"

"அப்ப அந்தச் செருப்புக்காரன்..."

இருவரும் மெதுவாகக் கதவின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கரிய முனையைப் பார்த்தார்கள். உடைந்த கலப்பைக் குச்சி அன்றைக்கு அசல் வேல்கம்பை விட வேலாக இருந்தது.

கொண்டையன் அதோடு ஓடியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு ஒரு நப்பாசை. ஒரு படிக்கு ஒரு மாடு ஆயிற்றே! பாய்ந்து சுவரில் இருந்த பல்லியின் வாலைப் பிடித்துவிட்டான். "சொல்லு! உள்ள என்ன இருக்குது? ஒரே வார்த்தை! சொன்னா உடறேன், இல்லாட்டி அடிச்சே போடுவேன்!"

பல்லிக்கு உயிர் போகிற வலி. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். 'ஒண்ணுமில்லைங்க' என்று சொன்னால்கூடப் போதும், அதைக் கேட்டு அவனுக்குப் பயம் தெளிந்துவிடும், சுவரை எல்லாம் இடித்துப் பார்த்துவிடுவான். பல்லி மண்சுவரைப் பார்த்தது. பாவாயி பசியோடு உட்கார்ந்து அந்தச் சுவரை மெழுகிய மத்தியானத்தை நினைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தது. வாலை அவன் கையிலேயே விட்டுவிட்டு உத்தரத்துக்கு ஏறிவிட்டது.

அங்கே இருந்து, பொறுமையாக, ரொம்ப வருத்தத்தோடு, "ச்சு" என்றது. ஒரே ஒரு தடவை.

கொண்டையன் கையைப் பார்த்தான். பல்லி இல்லாத வால், தன்பாட்டுக்கு நெளிந்தது. அலறிக் கீழே உதறினான். தரையில் விழுந்த வால் சும்மா இருக்கவில்லை. துள்ளியது, வளைந்தது, சுழன்றது, நேராக முறுக்கன் காலடிக்கு வந்து மேலே ஏறப் பார்த்தது.

"தலையில்லாம ஆடுது மச்சான்!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழைந்து, மாட்டிக்கொண்டு, ஒருவனை ஒருவன் தள்ளி, வெளியே விழுந்தார்கள். முறுக்கன் விழுந்தது அந்தச் செருப்பின்மேல். "புடிச்சுட்டான்! செருப்புக்காரன் என்ற காலைப் புடிச்சுட்டான்!" என்று கூவிக்கொண்டே எழுந்தவன் படலைத் தேடவில்லை, இடது பக்கம் வலது பக்கம் பார்க்கவில்லை. கிளுவை வேலிக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் போய்விட்டான். வேட்டி வேலியிலேயே தங்கிவிட்டது. கொண்டையன் முள்ளின் நடுவிலேயே ஓடினான். அவன் போட்ட சத்தத்துக்கு ஆற்றங்கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்ததாகச் சொல்கிறார்கள். ஆறு அங்கிருந்து இரண்டு காத தூரம். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

பொழுதோடு வண்டி வந்தது. வயிறு வீங்கிய நாய் முதலில் இறங்கி, வேலியில் தொங்குகிற வேட்டியைப் பார்த்து, கடமைக்கு ஒரு குரைப்புக் குரைத்தது. திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும் பாவாயி உள்ளே ஓடினாள். உருண்ட பானை, புரண்ட உரல், கடப்பாரை, நாலு கோணி. நேராக அடுப்புக்குப் பின்னால் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். மெழுகு கலையாமல் அப்படியே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் போட்டாள்.

அப்புறம்தான் தரையில் கிடந்த வாலைப் பார்த்தாள். அண்ணாந்தாள். உத்தரத்தில் வால் இல்லாத பல்லி.

"ஏ புள்ள! என்னடி ஆச்சு? ஆரு வந்தது? என்ன சொல்லி வெரட்டுனே? சொல்லுடி!"

சொல்லவா? பல்லிக்கு நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து அது சொன்ன கதையெல்லாம் எறும்புக் கதை, சிலந்திக் கதை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரியும் முதல்முறையாக "ம்" கொட்டாமல் வாயைப் பிளந்து கேட்கத் தயாராக நிற்கிறாள்! ஆனால் பாவாயியிடம் சொன்னால் அவள் நாத்தனாரிடம் சொல்வாள். ஏழு வார்த்தை மனுஷன் சென்னியப்பன்கூட இந்தக் கதை கிடைத்தால் சந்தையில் ஏழாயிரம் வார்த்தை பேசுவான். சந்தையில் கொண்டையன் இருப்பான். 'உள்ளே ஒன்றுமே இல்லை, பல்லி சும்மா நாக்கைக் கடித்தது' என்று அவன் காதில் விழுந்த மறுநாளே கடப்பாரை திரும்பி வரும். ஒரு பேச்சு எவ்வளவு தூரம் நடக்கும் என்று அந்தப் பல்லியை விட அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் சேர்த்து நாக்கு நுனிவரை கொண்டுவந்தது. கடித்துக்கொண்டது.

"ச்சு. ச்சு. ச்சு."

பாவாயி பல்லியைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். அவளுக்கு அன்றைக்குக் குடத்தோடு நின்று "ம்" கொட்டிய ஞாபகம் மெல்ல மெல்ல வந்தது. மீதியை அவளே கூட்டிக்கொண்டாள். எட்டிச் சுவரில் விரலால் மூன்று தட்டுத் தட்டினாள். "சரி சாமி, எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ சொல்லவேண்டாம்" என்றாள்.

அன்று ராத்திரியே மழை பிடித்தது. மூன்றாம் நாள் சுவரை உடைத்து விதையை எடுத்து, காடு முழுக்க விதைத்தார்கள். அந்த வருஷம் விளைந்த விளைச்சலுக்குக் களம் போதவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் பாவாயி விதை கொடுத்தாள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக, "அந்தப் பல்லி எதுங்க?" என்று கேட்டு அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொண்டையனும் முறுக்கனும் அதற்குள் ஊர் ஊராகக் கதை பரப்பியிருந்தார்கள். கிழக்கே சொன்னால் இன்னது, மேற்கே சொன்னால் இன்னது, உச்சியில் சொன்னால் அவ்வளவுதான் என்று முறுக்கன் ஒரு பட்டியலே போட்டுவிட்டான். தப்பி ஓடியவன் தன் ஓட்டத்தைப் பெருசாகச் சொன்னால்தானே மரியாதை?

அந்தச் சாளையில் பேச்சுச் சத்தம் குறையவில்லை. ஆள்தான் மாறியது. இப்போது பேசுவது பாவாயி. அடுப்பு மூட்டுவதில் ஆரம்பித்து, எருது, நாத்தனார், மருமகன் காதுக் கடுக்கன் என்று பொழுது முழுக்கப் பேசுவாள். கூரையிலிருந்து பல்லி கேட்டுக்கொண்டிருக்கும். அவள் சொன்னதில் ஏதாவது நிஜம் இருந்தால் மட்டும் "ச்சு" என்று ஆமோதிக்கும். அவளும் விரலால் தட்டிக்கொள்வாள். வால் மறுபடி முளைத்தது, பழைய அழகு இல்லாவிட்டாலும். குஞ்சுகள் பொரிந்தபோது பல்லி அவற்றுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாக்கைக் கடிக்கச் சொல்லிக்கொடுத்தது, ஆபத்து என்றால் வாலை விட்டுவிட்டு ஓடச் சொல்லிக்கொடுத்தது.

அன்று தொட்டுத்தான் பல்லிக்குப் பேச்சு நின்று உச்சுக்கொட்டல் வந்தது. அன்று தொட்டுத்தான், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பின்னால் பல்லி சொல்வது கேட்டால் நின்று, எந்தப் பக்கம் என்று காது கொடுத்து, ஏதோ தெரிந்துதான் சொல்கிறது என்று திரும்பி வந்து, பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.